கரும்புச் சாம்பலும் கறுப்பு கொரோலாவும்

வெருலத்தில் கரும்பு எரிக்கும் காலம் வந்துவிட்டால், விடிந்ததும் நான் முதலில் பார்ப்பது காரைத்தான். தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே இருக்கும் எங்கள் ஊரையும் டோங்காட்டையும் சுற்றி இன்னும் நிறையக் கரும்புத் தோட்டங்கள் இருக்கின்றன. ஏப்ரலில் தொடங்கி டிசம்பர் வரை வெட்டு நடக்கும். வெட்டுக்கு முன்னால் காய்ந்த தோகையைக் கொளுத்திவிடுவார்கள். கையால் வெட்டுகிறவர்களுக்கு வேலை சுலபமாகும், பாம்பும் ஓடிவிடும். அந்தத் தோகைச் சாம்பல் காற்றில் ஏறி வந்து, கறுப்பு நூல் போல நீளநீளமாக, கொடியில் காயும் துணியிலும் வாசலில் இருக்கும் துளசியிலும் காரின் மேலும் விழும்.

என் கார் கறுப்பு டொயோட்டா கொரோலா. வாங்கும்போதே மாமனார் கறுப்பு வேண்டாம் என்றார். "கறுப்பு எல்லாத்தையும் காட்டிக் கொடுத்துடும் மாப்பிள்ளை, வெள்ளை எடுங்க." நான் கேட்கவில்லை. சுமார் நாலு வருஷம், சாம்பல் விழுந்த காலையெல்லாம் ஒரு காய்ந்த லாப்பியை எடுத்து, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் வட்டவட்டமாகத் துடைத்துவிட்டுப் போனேன். துடைக்கிற துணிக்கு இங்கே எல்லோர் வாயிலும் லாப்பி என்றுதான் பெயர், ஆப்பிரிகான்ஸ் சொல். துடைத்ததும் கார் பளபளவென்று இருக்கும். காரை நன்றாகப் பார்த்துக்கொள்கிறோம் என்ற திருப்தியோடு போவேன்.

2023-இல் புனித வெள்ளி அன்று குடும்பத்தோடு இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போயிருந்தோம். அந்த நாளில்தான் அங்கே பெரிய திருவிழா, கூட்டம் நெரியும். தரிசனம் முடித்து, கூழ் குடித்து, காருக்குத் திரும்பும்போது மாலை வெயில் பானெட்டில் சாய்வாக விழுந்திருந்தது. சூரியன் தெரிந்த இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை கட்டினாற்போல ஆயிரக்கணக்கான மெல்லிய வட்டக் கோடுகள். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். கதவிலும் அப்படியே, டிக்கியிலும் அப்படியே. அந்தக் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற ப்ராஸ்பெக்டன் தொழிற்சாலையில் செய்த கார் அது. அங்கேயிருந்து வெளியே வந்தபோது கண்ணாடி போல இருந்திருக்கும். அதை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது என் கைதான் என்று அங்கேயே உறைத்தது.

இதை ஸ்வர்ல் மார்க் என்பார்கள். நான் சுழல் கீறல் என்றே எழுதுகிறேன். பார்க்க வட்டமாக இருந்தாலும் கீறல்கள் எல்லாத் திசையிலும் கன்னாபின்னாவென்றுதான் ஓடுகின்றன. வெளிச்சம் விழும் புள்ளியைச் சுற்றி எந்தக் கீறல் சரியான கோணத்தில் இருக்கிறதோ அது மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புகிறது, மற்றவை மறைந்துவிடுகின்றன. அதனால்தான் நீங்கள் தலையை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகரும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஒரு சந்தேகம் தீர்ந்தது. வட்டமாகத் துடைத்ததால்தான் வட்டக் கீறல், நேராகத் துடைத்தால் கீறலே விழாது என்று சிலர் சொல்வார்கள். நேராகத் துடைத்தாலும் மணல் இருந்தால் கீறும். நேர்க்கோட்டில் விழுந்த கீறல் எல்லாக் கோணத்திலும் கண்ணில் படாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சாம்பல் இவ்வளவு மெத்தென்று இருக்கிறதே, அது எப்படிக் கீறும் என்று எனக்கும் முதலில் புரியவில்லை. கரும்புத் தோகையில் சிலிக்கா அதிகம். தோட்டத்துக்குள் நடந்தவர்களுக்குத் தெரியும், தோகை கையை அறுத்துவிடும். இலை எரிந்து போனாலும் சிலிக்கா எரியாது, சாம்பலில் அப்படியே தங்கிவிடும். மணலில் இருப்பதும் அதே சிலிக்காதான். காரின் மேல் பூச்சான கிளியர் கோட்டைவிட அது எவ்வளவோ கடினம். அந்தப் பொடியைக் காய்ந்த துணியில் வைத்து அழுத்தித் தேய்ப்பது, உப்புத்தாளை மிருதுவாகத் தேய்ப்பது போலத்தான். இதோடு பனி இறங்கி ஈரமானால் சாம்பலுக்குக் காரத்தன்மை வந்துவிடும், வெயிலில் அப்படியே காய்ந்தால் கறை பிடிக்கும்.

தண்ணீர்ப் பஞ்சமும் சேர்ந்துகொண்டது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட்டின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் உடைந்துபோய், அந்த ஊர் மாதக்கணக்கில் தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றது. எங்கள் பக்கத்திலும் குழாயில் காற்று மட்டும் வந்த நாட்கள் உண்டு. குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைத்த தண்ணீரில் யார் கார் கழுவுவார்கள்? ஒரே வாளி, ஒரே ஸ்பாஞ்சு, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம். சக்கரம் தேய்த்த அதே ஸ்பாஞ்சால் பானெட். அந்த ஒரு வருஷத்தில் விழுந்த கீறல்தான் மிச்ச மூன்று வருஷத்தையும்விட அதிகம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், யார் மனமும் நோகாமல். வண்டி வாங்கினால் கோயிலில் வாகன பூஜை செய்வோம். பானெட்டில் திருநீறு பட்டை, சந்தனம், குங்குமம். வீட்டுக்கு வந்து மறுநாள் அதைக் காய்ந்த துணியால் துடைத்தெடுப்போம். என் பானெட்டின் நடுவில், டார்ச் வெளிச்சத்தில், மூன்று பட்டையின் அகலத்துக்குத் தனியாக ஒரு கீறல் கூட்டம் தெரிந்தது. இப்போது மாமனாரே பட்டையை முன் கண்ணாடியின் ஓரத்தில் போடுகிறார். கண்ணாடி தாங்கும், சாமிக்கும் குறையில்லை.

முதலில் நானே செய்யத் துணியவில்லை. ஒரு வேலட் கடையில், அதாவது கார் கழுவிப் பாலிஷ் போடுகிற கடையில் விட்டேன். காலையில் கொடுத்து மத்தியானம் எடுத்தேன், கார் சொட்டச்சொட்ட மின்னியது. இரண்டு மழைக்குப் பிறகு பழைய கீறல் எல்லாம் திரும்பி வந்தது. புதிதாக இன்னொன்றும் சேர்ந்திருந்தது. வெயிலில் பார்த்தால் பானெட் முழுக்க வில் வில்லாக, புடவைச் சரிகை போல ஒரு மினுமினுப்பு. இதற்கு ஹாலோகிராம் என்று பெயர். ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரி மெஷினில் கரடான பேடை, அதாவது தேய்க்கிற மெத்தையைப் போட்டு ஓட்டிவிட்டு, மெல்லிய பாலிஷால் முடிக்காமல் விட்டால் இப்படி வரும். கீறல் திரும்பி வந்ததற்குக் காரணம் வேறு. அவர்கள் போட்ட பொருளில் இருந்த எண்ணெயும் மெழுகும் கீறல் பள்ளத்தை நிரப்பி மறைத்திருந்தன. அது கரைந்ததும் பள்ளம் தெரிந்தது. கொடுத்த பணத்தைவிட, காரில் இருந்து காரணமில்லாமல் கொஞ்சம் பெயிண்ட் போனதுதான் எனக்கு வருத்தம்.

ஏன் வருத்தம் என்றால், பெயிண்ட் என்பது எடுத்தால் திரும்ப வராத சேமிப்பு. தொழிற்சாலைப் பூச்சு மொத்தமாகவே பெரும்பாலும் 100-இலிருந்து 150 மைக்ரான்தான் இருக்கும். நம் தலைமுடி ஒன்றிரண்டின் தடிமன் அளவு. ப்ரைமர், நிறம், கிளியர் கோட் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். கிளியர் கோட் மட்டும் சுமார் 35 முதல் 50 மைக்ரான். டர்பன் வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கிற பொருளும் அதில்தான் இருக்கிறது. பாலிஷ் செய்வது என்றால் கீறலை அடைப்பது அல்ல, கீறலின் அடி ஆழம் வரைக்கும் சுற்றியுள்ள பரப்பை இழைத்துச் சமப்படுத்துவது. நல்ல கையில் ஒரு முறைக்கு ஒன்றிரண்டு மைக்ரான் போகும். தெரியாத கையில் எவ்வளவு போகும் என்று சொல்ல முடியாது. நகத்தை வைத்து இழுத்தால் மாட்டுகிற கீறல் பாலிஷுக்கு மிஞ்சியது. அதை விட்டுவிடுவதே புத்தி.

சரி, நாமே கற்றுக்கொள்வோம் என்று டி.ஏ. பாலிஷர் ஒன்று வாங்கினேன். டூயல் ஆக்‌ஷன் என்பதன் சுருக்கம். பேட் தன்னைத்தானே சுற்றும், அதே சமயம் மையத்தை விட்டு விலகியும் ஊசலாடும். இதனால் ஒரே இடத்தில் சூடு சேர்வது குறையும். அழுத்தம் அதிகமானால் சுற்றுவது நின்று வெறுமனே அதிரும், பெயிண்டை அவ்வளவு சீக்கிரம் எரித்துவிடாது. ஊசலாட்டத்தின் அகலத்தை மில்லிமீட்டரில் சொல்வார்கள். 8, 15, 21 என்று கிடைக்கும். நான் எடுத்தது 15 மில்லிமீட்டர், 5 அங்குலத் தட்டு. 21 பெரிய பரப்புக்கு வேகமாக இருக்கும், ஆனால் கொரோலாவின் கதவு வளைவிலும் பம்பரிலும் அதை அடக்குவது கஷ்டம். புதியவர்கள் ரோட்டரியை எடுக்கவே வேண்டாம். பேனல் பீட்டரிடம், அதாவது காரின் நெளிவெடுத்துப் பெயிண்ட் அடிப்பவரிடம், வருஷக்கணக்கில் வேலை பார்த்தவர்கள் கையில் அது அற்புதம் செய்யும், நம் கையில் அல்ல.

மெஷினைவிட பேடில்தான் நான் பணத்தைக் குறைத்துத் தப்பு செய்தேன். இரண்டே இரண்டு ஃபோம் பேட் வாங்கினேன். ஒரு காருக்கு, கீறலை இழைத்தெடுக்கும் வெட்டுகிற பேட் குறைந்தது நாலும், கடைசியில் மினுக்கும் முடிக்கிற பேட் குறைந்தது இரண்டும் வேண்டும். பேட் சூடேறி, காம்பவுண்ட் என்கிற கரடான பாலிஷ் பசையும் உரிந்த பெயிண்டும் அடைத்துக்கொண்டால் வேலை செய்யாது, புதுக் கீறல் போடும். பேடின் நிறத்தை வைத்து எது கரடு எது மிருது என்று முடிவு செய்யாதீர்கள். ஒரு கம்பெனியின் ஆரஞ்சும் இன்னொரு கம்பெனியின் ஆரஞ்சும் ஒன்றல்ல.

ஜூலை மாதத்தைத் தேர்ந்தெடுத்தேன். இங்கே அது குளிர்காலம், மழை குறைவு, ஈரப்பதமும் குறைவு. பிப்ரவரியில் டர்பன் புழுக்கத்தில், தொட்டால் சுடுகிற பானெட்டில் காம்பவுண்ட் நிமிஷத்தில் காய்ந்துவிடும். கார்போர்ட் நிழலில், உள்ளங்கையை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கிற தகட்டில்தான் இந்த வேலையைச் செய்யவேண்டும். அந்த வருஷம் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. இரண்டு மணி நேரம் போகும், வரும். அட்டவணையைப் பார்க்காமல் முதல் சனிக்கிழமை உட்கார்ந்தேன். கதவில் பாலிஷைத் தடவி மூன்றாவது ஓட்டம் ஓடும்போது கரண்ட் போனது. வரும்வரை விட்டுவிட்டேன், சிமெண்ட் மாதிரி இறுகிவிட்டது. அதைத் துடைத்தெடுக்கப் பட்ட பாட்டில் இன்னும் நாலு கீறல். அப்புறம் அட்டவணையைப் பார்த்து, ஒரு பேனலை, அதாவது கதவு, பானெட் போன்ற ஒரு தகட்டை முடிக்க நேரம் இருந்தால் மட்டுமே தொடங்கினேன்.

மெஷினை எடுப்பதற்கு முந்தைய வேலைதான் பாதி வேலை. நன்றாகக் கழுவினேன். பிறகு இரும்புத் துகளைக் கரைக்கும் திரவத்தை அடித்தேன். பிரேக்கிலிருந்தும் ரயில் பாதையிலிருந்தும் பறந்து வந்து பெயிண்டில் குத்தி நிற்கும் இரும்புத் தூளோடு சேர்ந்தால் அது ஊதாவாக மாறி ஒழுகும். என் காரின் பின்பக்கம் நாவல்பழச் சாறு ஒழுகினாற்போல ஆனது, அவ்வளவு இருந்திருக்கிறது. தார்ப் புள்ளிகளைத் தனியாக எடுத்தேன். கடைசியாக க்ளே பார், பெயிண்டில் ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் மாதிரியான கட்டி. மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு பெயிண்டைத் தடவிப் பாருங்கள், வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு தெரியும். க்ளேயை நிறையச் சோப்புத் தண்ணீரில் வழுக்கவிட்டு இழுத்தால் அந்தச் சொரசொரப்பு போகும். கீழே விழுந்த க்ளேயைத் திரும்ப எடுக்காதீர்கள், மணலோடு வரும். கழுவித் துடைத்து, ரப்பர், கறுப்பு பிளாஸ்டிக், விளிம்பு, மடிப்பு எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டினேன். மேடான விளிம்புகளில் பெயிண்ட் எப்போதும் மெல்லியதாக இருக்கும்.

பெயிண்ட் தடிமன் அளக்கிற கருவியை வண்டி வாங்கி விற்கிற நண்பர் ஒருவர் இரவல் கொடுத்தார். கூரையில் 118, பானெட்டில் 109, இடது பின் கதவில் மட்டும் 260. அந்தக் கதவு எப்போதோ மறுபடி பெயிண்ட் ஆகியிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. இந்தக் கருவி காட்டுவது மொத்தத் தடிமன், கிளியர் கோட் எவ்வளவு என்று அது சொல்லாது. பிளாஸ்டிக் பம்பரிலும் வேலை செய்யாது. ஆனாலும் எங்கே கையை அடக்க வேண்டும் என்று காட்டும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி, சோதனைக் கட்டம். பானெட்டில் சுமார் 50 சென்டிமீட்டர் சதுரத்தை டேப்பால் பிரித்துக்கொள்ளுங்கள். அங்கே முதலில் இருப்பதிலேயே மிருதுவான பேடும் மெல்லிய பாலிஷும். போதவில்லையா, அதே பாலிஷை வெட்டுகிற பேடில் போடுங்கள். அதுவும் போதவில்லை என்றால்தான் காம்பவுண்ட். எடுத்த எடுப்பில் காம்பவுண்டுக்குப் போகாதீர்கள். என் கொரோலாவின் பெயிண்ட் மிருதுவானது. எல்லோரும் சொல்கிறார்களே என்று நான் வாங்கி வைத்திருந்த கனமான காம்பவுண்ட் தேவையே படவில்லை. வெட்டுகிற ஃபோம் பேடும் நடுத்தரப் பாலிஷுமே எண்பது, தொண்ணூறு சதவீதம் கீறலை எடுத்துவிட்டன. நண்பருடைய ஜெர்மன் காரில் அதே கூட்டணி ஒன்றும் செய்யவில்லை, அதன் கிளியர் கோட் கல் மாதிரி. ஆகவே இன்னொருவர் பயன்படுத்திய பொருளின் பெயரைக் கேட்டு வாங்குவதைவிட, உங்கள் காரில் ஒரு சதுரம் போட்டுப் பார்ப்பது நல்லது.

ஓட்டும் விதம் இது. புது பேடில் பாலிஷை மெல்லத் தடவி நனைத்துக்கொள்ள வேண்டும். பிறகு பட்டாணி அளவில் நாலு சொட்டு போதும். மெஷினை ஓடவிடாமல் பேடைப் பெயிண்டில் ஒற்றி, முதல் வேகத்தில் சதுரம் முழுக்கப் பரப்பி, அப்புறம் மெஷினில் இருக்கும் ஆறு வேகத்தில் நாலாவதுக்கோ ஐந்தாவதுக்கோ ஏற்றவேண்டும். கிடைமட்டமாக ஒரு முறை, மேலிருந்து கீழாக ஒரு முறை. ஒவ்வொரு கோடும் முந்தின கோட்டில் பாதியை மூடவேண்டும். இப்படி நாலிலிருந்து ஆறு ஓட்டம். கை நகரும் வேகம் விநாடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர். கேட்க எளிது, செய்யும்போது கை தானாக வேகமெடுக்கும். நான் முதல் நாள் இஸ்திரி போடுகிற வேகத்தில் ஓட்டினேன், கீறல் அசையவில்லை. மாமா கார்போர்ட் தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் ஓடறீங்க மாப்பிள்ளை, தேர் மாதிரி போங்க" என்றார். அந்த ஒரு சொல்லில் கை அடங்கியது.

பேட் தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கறுப்புக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஓடும்போது அந்தக் கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரியும். சுற்றுவது நின்று அதிர்வு மட்டும் இருந்தால், அழுத்தம் அதிகம் அல்லது பேட் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். மெஷினின் எடையோடு கையின் எடையைச் சேர்த்தால் போதும். பேட் எப்போதும் பெயிண்டோடு தட்டையாக ஒட்டியிருக்க வேண்டும். பாலிஷ் மெல்லிய எண்ணெய்ப் படலமாக, பார்த்தால் அடி தெரிகிற அளவுக்கு வந்ததும் நிறுத்துங்கள். வெள்ளைப் பொடி பறக்கிறதென்றால் காய்ந்த பேடில் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் பிரஷால் பேடைச் சுத்தம் செய்தேன். இந்த ஒரு பழக்கம் வந்த பிறகு வேலையின் தரமே மாறிவிட்டது.

துடைத்ததும் பளிச்சென்று இருக்கும். அதை நம்ப வேண்டாம். வேலட் கடையில் ஏமாந்தது அங்கேதான். தண்ணீரில் 10, 15 சதவீதம் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் கலந்து தெளித்து, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்தால் பாலிஷ் எண்ணெய் போய்விடும். அப்போது தெரிவதுதான் உண்மையான பெயிண்ட். ட்யூப்லைட் வெளிச்சம் எதையும் காட்டாது. ஒற்றைப் புள்ளியாக விழும் எல்.இ.டி. டார்ச் வேண்டும், பல கோணத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். என் முதல் சதுரத்தை அப்படிப் பார்த்தபோது, டேப்புக்கு இந்தப் பக்கம் சிலந்தி வலை, அந்தப் பக்கம் கிணற்று நீர் மாதிரி ஆழமான கறுப்பு. மனைவியைக் கூப்பிட்டேன், பிள்ளைகளைக் கூப்பிட்டேன். எதிர்வீட்டுக்காரரும் வந்து குனிந்து பார்த்தார். நாலு வருஷம் நான் செய்த தப்பின் கணக்கு ஒரு டேப் கோட்டில் தெரிந்தது. மனசு லேசானது.

வெட்டும் ஓட்டம் முடிந்த பிறகு மிருதுவான பேடில் முடிக்கும் பாலிஷ். கறுப்புக் காரில் இதைத் தவிர்க்கவே கூடாது. முதல் ஓட்டம் விட்டுச் சென்ற மங்கலை இதுதான் எடுக்கும். முழுக் காருக்கும் இரண்டு சனிக்கிழமை, மொத்தம் பதினோரு மணி நேரம் ஆனது. முதுகு வலித்தது உண்மை.

அந்தத் தைரியத்தில்தான் அடுத்த மாதம் மாமாவின் டாஸைத் தொட்டேன். சிவப்பு டொயோட்டா டாஸ், தென்னாப்பிரிக்காவில் பார்க்காத தெருவே இல்லை. அவர் அதை இருபது வருஷத்துக்கு மேலாக வைத்திருக்கிறார், இடையில் ஒரு முறை தெரிந்த பேனல் பீட்டரிடம் மறுபடி பெயிண்ட் செய்திருக்கிறார். ஓட்டியதும் பேட் ரத்தமாகச் சிவந்தது, பதறிவிட்டேன். கிளியர் கோட் இல்லாத ஒற்றைப் பூச்சு அது. நிறமே மேற்பரப்பு என்பதால் நிறம் பேடில் வரும், அதில் தப்பில்லை. வெளுத்த மேல்தோல் போய் உள்ளேயிருந்து மிளகாய்ப்பழச் சிவப்பு வந்தது. உற்சாகத்தில் ஓட்டிக்கொண்டே போனேன். பானெட்டின் ஓர மடிப்புக்கு டேப் ஒட்டவில்லை, தடிமனும் அளக்கவில்லை. மூன்றாவது ஓட்டத்தில் மடிப்பின் மேல் ஒரு சாம்பல் நிறக் கோடு தெரிந்தது. ப்ரைமர். விரல் நீளம்.

டி.ஏ. எரிக்காது என்று நம்பியிருந்தேன். விளிம்பில் எல்லா அழுத்தமும் ஒரு கோட்டில் குவிகிறது, பெயிண்டும் அங்கேதான் மெல்லிசு. எந்த மெஷினும் அங்கே எரிக்கும். மாமாவிடம் சொல்லும்போது குரல் கம்மியது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து விரலால் தடவினார். "இரும்பு தெரியலையே. துரு ஏறாது. மிச்சத்தை முடிங்க." அவ்வளவுதான் சொன்னார். கூடவே நின்று, மீதி மடிப்புகளுக்கெல்லாம் டேப்பைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தார். டச்-அப் பெயிண்ட் வாங்கி, மெல்லிய தூரிகையால் இரண்டு நாள் இடைவெளி விட்டு மூன்று பூச்சு வைத்தேன். தெரிந்து பார்த்தால் தெரியும்.

பாலிஷ் முடித்த பெயிண்ட் வெறுமையாக இருக்கிறது, மேலே காப்பு வேண்டும். மெழுகு அழகாக இருக்கும், எங்கள் வெயிலில் இரண்டு மூன்று மாதம் தாண்டாது. நான் செயற்கை சீலண்ட் போட்டேன், ஆறு மாதத்துக்கு ஒரு முறை திரும்பப் போடுகிறேன். செராமிக் கோட்டிங் போட்டால் கீறலே விழாது என்று விற்பவர்கள் சொல்வார்கள். அழுக்கு எளிதில் ஒட்டாது, கழுவச் சுலபம், நீண்ட நாள் நிற்கும், அது சரி. சாம்பலைக் காய்ந்த லாப்பியால் துடைத்தால் செராமிக்கும் கீறும்.

அதனால் கழுவும் முறையைத்தான் அடியோடு மாற்றினேன். சாம்பல் விழுந்த காலையில் கையை வைப்பதே இல்லை. இலைகளை ஊதும் சிறிய பேட்டரி ஊதுகுழல் ஒன்று இருக்கிறது, பனி காய்ந்த பிறகு அதால் ஊதிவிடுவேன், முக்கால்வாசி பறந்துவிடும். அவசரமென்றால் அழுக்கோடே வேலைக்குப் போவேன். வேலை இடத்துக்கு அழுக்குக் காரோடு போவது முதலில் கூச்சமாக இருந்தது, இப்போது பழகிவிட்டது. தண்ணீர் வரும் நாளில் இரண்டு வாளி, ஒன்றில் ஷாம்பூ, இன்னொன்றில் வெறும் தண்ணீர். முதலில் பீய்ச்சி அலசி, மேலிருந்து கீழாக மைக்ரோஃபைபர் கையுறையால் கழுவி, ஒவ்வொரு பேனலுக்கும் கையுறையை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பூவில் முக்குவேன். சக்கரத்துக்குத் தனித் துணி, தனி வாளி. துவட்டும்போது பெரிய துண்டை விரித்து ஒற்றி எடுப்பது.

குழாய் காய்ந்த நாட்களுக்கு ரின்ஸ்லெஸ் வாஷ் என்று ஒரு திரவம் கிடைக்கிறது. ஒரு வாளித் தண்ணீரில் ஒன்றிரண்டு மூடி கலந்தால் முழுக் காரையும் அலசாமலே கழுவலாம். முதலில் அதையே தெளிப்பானில் ஊற்றி நன்றாகத் தெளித்து, அழுக்கு ஊறவேண்டும். வாளியில் ஏழெட்டுத் துணியை ஊறப்போட்டு, ஒரு பேனலுக்கு ஒரு துணி, ஒரே திசையில் ஒரு இழுப்பு, மடித்து அடுத்த பக்கம். அழுக்கான துணி வாளிக்குத் திரும்பக் கூடாது. டோங்காட்டில் இருக்கும் என் மச்சான் இதைச் சொல்லிக்கொடுத்தபோது நான் நம்பவில்லை. தண்ணீர் இல்லாத அந்த மாதங்களில் அவர் தன் பக்கியை, அதாவது பிக்கப் வண்டியை, அப்படித்தான் கழுவியிருக்கிறார், டார்ச் அடித்துப் பார்த்தேன், என் காரைவிட நன்றாக இருந்தது. சேறு அப்பியிருக்கும் வண்டிக்கு மட்டும் இது ஆகாது.

டிக்கி மூடியில் இரண்டு ஆழமான கீறல்களை அப்படியே விட்டிருக்கிறேன், நகம் மாட்டுகிறது. வேலை முடிந்த பிறகு பானெட்டை மறுபடி அளந்தேன், 105. கருவியே ஒன்றிரண்டு மைக்ரான் முன்னே பின்னே காட்டும் என்றாலும், நாலு மைக்ரான் போயிருக்கிறது. வேலட் கடையில் போனது தனிக் கணக்கு. ஒவ்வொரு பேனலின் எண்ணையும் தேதியோடு சர்வீஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். டாஸின் எண்களையும் அளந்து மாமாவிடம் கொடுத்தேன், அவர் அதை டேஷ்போர்டில் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறார்.